இரண்டு அரை ஆட்கள்

ரோம் ஏன் இப்படிச் சரிந்துகொண்டே போகிறது என்று எங்கள் எஜமான் கொமினியஸ் வீட்டு விருந்தில் பேசாத நாள் கிடையாது. வறுத்த குருவிக்கும் அத்திப்பழத்துக்கும் நடுவில் அந்தப் பேச்சையும் ஒரு பதார்த்தம் மாதிரி கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். பழைய தெய்வங்களுக்குப் பலி போடுவதை நிறுத்தியதுதான் காரணம் என்பார் ஒருவர். இன்னும் முழுசாக நிறுத்தாததுதான் காரணம் என்பார் பாதிரியார். வடக்கிலிருந்து வந்த கோத்தியர்களைப் படையில் சேர்த்ததுதான் தப்பு என்பார் மூன்றாமவர். அவருடைய மெய்க்காவலனே ஒரு கோத்தியன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஆள் குறையும் நாட்களில் என்னை அங்கே அடுப்படி வேலைக்குக் கூப்பிடுவார்கள். அதனால் எல்லாக் காரணமும் எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் நடந்ததையும் அந்தக் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்களே, அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

என் பெயர் வெனேரியா. திபெர் ஆற்றுக்கு மேலே இருக்கிற திராட்சைத் தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் இன்னொரு குடிசைக்கு வாக்கப்பட்டேன். நாங்கள் அடிமைகள் இல்லை, குடியானவர்கள். ஆனால் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது. போனால் சங்கிலி போட்டுத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அடிமைக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை மேலாளர் பிர்மினஸிடம் கேட்டேன். "அடிமைக்கு எஜமான் சோறு போடணும், உனக்குப் போட வேண்டியதில்ல" என்றான். நல்ல ஆள், ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னான்.

என் புருஷன் மதூரஸுக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அவராக வெட்டிக்கொண்டது. கட்டைவிரல் இல்லாதவனால் வாளைப் பிடிக்க முடியாது, ஈட்டியை எறிய முடியாது, அதனால் படைக்கு எடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட கோழையை எங்கள் பக்கத்தில் முர்க்கஸ் என்பார்கள். தெருவில் போகிற குழந்தைகூடக் கத்தும். "எப்படிப்பா போச்சு?" என்று யாராவது கேட்டால், "திராட்சை பிழியுற மரத்துல மாட்டிக்கிச்சு" என்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் அப்படி மாட்டிக்கொண்டவர்கள் பல பேர். எங்கள் பிழிமரம் வலது கட்டைவிரலை மட்டும் ருசி பார்த்துத் தின்னும் என்று ஊரே சிரிக்கும்.

விரலை வெட்டிக்கொண்டவனை உயிரோடு கொளுத்தச் சொல்லி முன்பு ஒரு பேரரசர் உத்தரவு போட்டாராம். கொளுத்தினால் தோட்டத்தில் வேலைக்கு ஆள் குறையுமே. எஜமான்கள் எல்லாரும் பிழிமரத்தின் மேலேயே பழியைப் போட்டுவிட்டார்கள்.

கோழை என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். படைக்குப் போனவன் திரும்பி வந்து எங்கள் குன்றில் யாரும் பார்த்ததில்லை. மதூரஸின் அப்பா போனார். எந்த ஆற்றங்கரையில் எந்தப் பனியில் கிடக்கிறார் என்று தெரியாது. என் மாமியார் சாகும்வரை அவர் தட்டைக் கழுவிக் கழுவி வைத்தாள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை விரலை வெட்டிக்கொள்ளாமல் என்ன செய்வான்?

அவர் தம்பி ஊர்சோ. நான் வாக்கப்பட்டு வந்தபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. தலையில் ஈர் எடுத்ததும் நான்தான், முதுகில் இரண்டு வைத்ததும் நான்தான். வளர்ந்தான், வளர்ந்தான், குடிசை நிலையில் இடிக்கிற அளவுக்கு வளர்ந்தான். கொடி நறுக்குவது, ஏர் பிடிப்பது, கூடை சுமப்பது எல்லாம் அவன். எங்கள் வீட்டில் முழுக் கை இருந்தது எனக்கும் அவனுக்கும்தான். எனக்கென்று பிள்ளை தங்கவில்லை. அவன்தான் பிள்ளை.

கிழக்கே ஒரே நாளில் கோத்தியர்கள் பேரரசரையும் படையையும் சேர்த்துக் கொன்ற சேதி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அறுவடை நேரம். பிர்மினஸ் கொடி வரிசைக்கு நடுவில் வந்து நின்றான். பழம் பறிக்கும்போது அவன் வந்தால் நல்லதுக்கு வர மாட்டான்.

"இந்தத் தோட்டத்துலேர்ந்து ஒரு ஆள் குடுக்கணும். அடுத்த வாரம் அளக்க வராங்க" என்றான். என்னைப் பார்க்காமல் ஊர்சோவைப் பார்த்தான்.

"அவன ஏன் பாக்குற? வேற ஆளே இல்லையா?" என்றேன்.

"எல்லாரையும் பாத்தாச்சும்மா. அளவுகோலுக்கு இவன்தான் நிச்சயமா எட்டுவான். கிரெஸ்கென்ஸ் மகனும் எட்டுவான்தான், ஆனா அவன் பீப்பாய் செய்யுறவன். பீப்பாய் இல்லன்னா திராட்சை ரசத்த எதுல ஊத்துறது, உன் முந்தானையிலயா?"

"எஜமான் வீட்டுல புல்லாங்குழல் ஊதுறானே, அவனும்தான் உயரமா இருக்கான். பத்து விரலும் வேற இருக்கு."

"அவன் போயிட்டா விருந்துல நீ வந்து ஊதுவியா?"

ஊர்சோ கூடையை இறக்கி வைத்தான். "உயரமா வளர்ந்தது ஒரு தப்பா அண்ணே?" என்று பிர்மினஸிடம் சிரிக்கப் பார்த்தான்.

"தப்புதான்டா. கொஞ்சம் குனிஞ்சு வளர்ந்திருக்கலாம்" என்றான் பிர்மினஸ். அவன் குரலில் கிண்டல் இருந்தாலும் முகத்தில் இல்லை. ஆள் பிடித்துக் கொடுக்காவிட்டால் இவனையே பிடிப்பார்கள்.

அவன் போனதும் மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தோம். மதூரஸ் தன் கையைத் தூக்கிக் காட்டினார். நான்கு விரலையும் விரித்துக் காட்டினார்.

"என்னங்க சொல்றீங்க?" என்றேன், தெரிந்துகொண்டே.

"நான் இருக்கேன்ல? கொடி கட்டலையா? கஞ்சி குடிக்கலையா? உன்னோட குடும்பம் நடத்தலையா?"

"ஊரு சிரிக்கலையா, அதையும் சேத்துக்குங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். எங்கப்பன பாத்து யாரும் சிரிக்கல. அந்தாளு எங்க?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் வந்தது. ஒரு கையாவது முழுசாக இருக்கட்டும் என்றுதானே பொத்திப் பொத்தி வளர்த்தேன். "டேய், நீ என்னடா சொல்ற? வாயத் திற" என்று ஊர்சோவை அதட்டினேன்.

"வலிக்குமா அண்ணே?" என்று அவன் தன் அண்ணனிடம் கேட்டான். முடிவு ஆகிவிட்டது என்று அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"வலிக்கும்" என்றார் மதூரஸ். "அப்புறம் மரத்துப்போயிடும். மழைக்காலத்துல மட்டும் விரல் இருக்குற மாதிரியே அரிக்கும்."

மறுநாள் உச்சி வெயிலில், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், கொடி ஏற்றுகிற எல்ம் மரத்து அடிக்கட்டையில் வைத்து வெட்டினார்கள். கொடி நறுக்குகிற வளைந்த கத்திதான். நான் கடைசி வரிசைக்குப் போய் முகத்தைக் கொடிக்குள் வைத்துக்கொண்டு பழம் பறித்தேன். எதைப் பறித்தேன், பழுத்ததா காயா, தெரியாது. ஒரு கத்தல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் கத்தியது ஊர்சோ இல்லை, என் புருஷன். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

காடி ஊற்றிக் கழுவி, எண்ணெயில் நனைத்த கம்பளி வைத்துக் கட்டினேன். "பிழிமரம், ஞாபகம் வச்சுக்க" என்றார் மதூரஸ். "பிழிமரம்" என்றான் அவன், பாடம் ஒப்பிப்பது போல.

ஆள் அளக்க வந்தவன் பெயர் விடிகோ. அவனும் கோத்தியன், ரோமானியப் படையில் சேர்ந்து பெரிய ஆள் ஆனவன். எங்கள் பேச்சைக் கல்லும் மண்ணுமாகப் பேசுவான், ஆனால் புரியும். களத்து மேட்டில் அளவுகோலை நட்டு வைத்தான். எல்லா ஆம்பளைகளையும் வரிசையில் நிற்க வைத்தான் பிர்மினஸ். ஊர்சோவைக் கோலுக்குக் கீழே நிறுத்தினார்கள். தலை கோலைத் தாண்டிப் போனது. விடிகோ சந்தோஷப்பட்டான். அப்புறம்தான் கையைப் பார்த்தான்.

"இது என்னது?"

"பிழிமரத்துல மாட்டிக்கிச்சு அய்யா" என்றான் ஊர்சோ. ரத்தம் இன்னும் கம்பளியில் ஊறிக்கொண்டிருந்தது.

விடிகோவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தோம். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எங்க ஊர்ல வாள் பிடிக்கத் தெரியாதவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டான். உங்க ஊர்ல வாள் பிடிக்க முடியாதவனுக்குத்தான் பொண்டாட்டி நிலைக்குது. நல்ல ஊரு!"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்களே கோத்தியருதான. யாரோட சண்டை போட இவங்கள கூட்டிட்டுப் போறீங்க?"

"கோத்தியரோடதான்" என்றான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அப்புறம் அவன் பிர்மினஸ் பக்கம் திரும்பினான். "புது உத்தரவு வந்திருக்கு. உங்க மலைக்கு இன்னும் வரலையா? கிழக்கே படையே செத்துப்போச்சு. இப்ப முழு ஆளா பாத்துப் பொறுக்க முடியாது. கட்டைவிரல் இல்லாதவன் ரெண்டு பேர் குடுத்தா ஒரு முழு ஆள் குடுத்த கணக்கு. குழி தோண்ட, மூட்டை தூக்க, ரொட்டி சுட எதுக்கு கட்டைவிரல்?"

களத்தில் நின்ற கட்டைவிரல் இல்லாத ஆம்பளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். மதூரஸும்தான்.

பிர்மினஸ் அதிகம் யோசிக்கவில்லை. யோசிக்கவும் ஒன்றுமில்லை. ஒரு முழு ஆள் கொடுத்தால் பீப்பாய் செய்கிற பையன் போக வேண்டும். இரண்டு அரை ஆள் என்றால், ஒருவன் ஏற்கெனவே கோலுக்குக் கீழே நிற்கிறான். இன்னொருவன் யார்? காயம் ஆறாதவனைக் கவனித்துக்கொள்ளக் கூடவே ஒரு ஆள் போனால் நல்லது, வழியில் செத்துப்போக மாட்டான். ஆள் செத்துப்போனால் தோட்டம் மறுபடியும் ஆள் கொடுக்க வேண்டும்.

"மதூரஸ்" என்றான், என்னைப் பார்க்காமல்.

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "அடப்பாவி, என் வீட்டுல ஆம்பளையே இல்லாம பண்ணிட்டியே! இந்தக் கொடியெல்லாம் யாரு நறுக்குறது?"

"நீதான்" என்றான். "எனக்கு மட்டும் ஆசையா? ஒரு ஆள் கேட்டாங்க, இப்ப ரெண்டு பேர் போறாங்க. தோட்டத்துக்குத்தான் நஷ்டம். நான் சொல்லியா வெட்டிக்கிட்டீங்க? சட்டைய விடும்மா."

சட்டையை விட்டேன். விடாமல் பிடித்திருந்து என்ன செய்ய?

சாயங்காலம் கிரெஸ்கென்ஸ் பெண்டாட்டி புடென்சியா சூடான பார்லி ரொட்டியும் ஆட்டுப்பால் கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அவள் மகன் தப்பித்துவிட்டான். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முகத்தை இழுத்து இழுத்துச் சோகமாக வைத்திருந்தாள். அவளைத் திட்ட வாய் வந்தது. நாங்கள் நினைத்தபடி நடந்திருந்தால், இந்நேரம் நான்தான் ரொட்டி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருப்பேன். வாங்கி வைத்துக்கொண்டேன்.

எஜமானைப் பார்த்தால் ஏதாவது நடக்கும் என்று ஒரு நப்பாசை. இருட்டுவதற்குள் மேட்டு வீட்டுக்கு ஓடினேன். அன்றைக்கும் விருந்து. மாடத்தில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், புல்லாங்குழல்காரன் ஊதிக்கொண்டிருந்தான். அதே பழைய தெய்வக்காரர், அதே பாதிரியார், அதே மூன்றாமவர். நான் போய்த் தரையில் விழுந்தேன்.

"அய்யா, என் வீட்டுல ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறாங்கய்யா. உங்க வீட்டுல எத்தனையோ பேரு இருக்காங்க. ஒரே ஒரு முழு ஆள குடுத்துட்டா, ரெண்டு பேரும் எனக்குத் திரும்பி வந்துடுவாங்க. சாகுற வரைக்கும் உங்க கால்லயே கெடப்போம்."

கொமினியஸ் கெட்டவர் இல்லை. எழுந்து உட்கார்ந்தார். "யாரைக் கொடுக்கச் சொல்ற? சமையல்காரனையா?" என்றார். விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். அவருக்கே சங்கடமாகிவிட்டது. "சரி, சரி. உன் புருஷனும் கொழுந்தனும் விரலை ஏன் வெட்டிக்கிட்டாங்க? அதைச் சொல்லு."

"போனா திரும்பி வர மாட்டாங்கய்யா. அதான்."

"பாத்தீங்களா" என்று அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். "இதைத்தான் நான் சொல்லிட்டிருந்தேன். இவங்க முன்னோர்கள் உலகத்தையே ஜெயிச்சாங்க. இவங்க விரலை வெட்டிக்கிறாங்க. நாடு இந்தக் கதிக்கு வந்ததுக்கு வேற காரணம் தேட வேண்டியதே இல்ல."

"பலிபீடத்தை எடுத்தப்பவே வீரமும் போயிடுச்சு" என்றார் பழைய தெய்வக்காரர்.

"விசுவாசம் இருந்தா பயம் ஏன் வருது?" என்றார் பாதிரியார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "உங்களுக்காக ஜெபம் பண்றேன்மா" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

நான் தரையிலேயே கிடந்தேன். என் தலைக்கு மேலே பேச்சு வேறெங்கோ போய்விட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து தானியக் கப்பல் வருமா வராதா என்று பேசினார்கள். மூன்றாமவர் மட்டும் ஒருமுறை என்னைக் கவனித்தார். "அந்தப் பொண்ணு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே வீடா போயிடுச்சு பாவம்" என்றார். அப்புறம் அத்திப்பழத் தட்டு அவர் பக்கம் வந்தது.

எஜமான் கடைசியாக ஞாபகம் வந்து, "என் கையில என்னம்மா இருக்கு? பேரரசர் உத்தரவு" என்றார். அவர் கையில் பத்து விரலும் இருந்தன. எல்லாவற்றிலும் மோதிரம். நான் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். கேட்க யாரும் இல்லாததால் ஏச முடிந்தது.

விடிந்ததும் களத்தில் ஊசியால் இருவர் முன்கையிலும் படை முத்திரை குத்தினார்கள். இனி எங்கே ஓடினாலும் அந்த முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். மற்ற தோட்டங்களிலிருந்து பிடித்தவர்களோடு இடுப்பில் கயிறு போட்டுக் கோத்தார்கள். ஊர்சோவுக்குக் காய்ச்சல் வந்திருந்தது, கண் சிவந்திருந்தது. அவனால் செருப்பு வாரைக் கட்ட முடியவில்லை. நான் குனியப் போனேன். மதூரஸ் தடுத்துவிட்டு, "இரு, இனிமே அவனே கட்டிப் பழகணும்" என்றார். ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் வாரை இடுக்கி இழுத்து எப்படி முடிச்சுப் போடுவது என்று காட்டிக்கொடுத்தார். அவனுக்கு வரவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டு அவரே கட்டிவிட்டார்.

"வீட்டப் பாத்துக்க" என்றார் என்னிடம்.

"எந்த வீட்ட?" என்றேன். அந்த நேரத்தில்கூட நல்லதாக ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அவர் அதற்குச் சிரித்தார். அவருக்கு என்னைத் தெரியும்.

ஊர்சோ என் பக்கம் நகர்ந்தான். கயிறு அவ்வளவுதான் எட்டியது. "அண்ணி, ஒண்ணு கேக்கணும். ராத்திரியெல்லாம் அதான் யோசிச்சேன். நான் பேசாம கோலுக்குக் கீழ நின்னு போயிருந்தா, அண்ணன் இங்கயே இருந்திருப்பான், இல்ல?"

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து மதூரஸ் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"போடா பைத்தியக்காரா" என்றேன். "அந்த ஆளு வரும்போதே ரெண்டு பேரையும் இழுத்துட்டுப் போறதுன்னு முடிவோடதான் வந்தான். உன் விரல் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

அவன் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். கம்பளிக் கட்டு காய்ந்து கறுத்திருந்தது.

"அப்ப இது சும்மாதான் போச்சா அண்ணி?" என்றான்.

அதற்குள் முன்னால் கயிற்றை இழுத்துவிட்டார்கள்.